மருந்தும் பிரார்த்தனையும் ஒரே தராசில்

சென்ற மாதம் ஒரு ஊரில் நடந்த கூட்டத்தில் நாம் பேசி முடித்து உட்கார்ந்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு தோழர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். அவருடைய தமையனாருக்கு இருதய இரத்தக் குழாயில் அடைப்பு. நெஞ்சைத் திறந்து ரண சிகிச்சை செய்தாக வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். அத்துடன், ரண சிகிச்சைக்குப் பின் சீக்கிரம் தேறி எழுந்திருப்பதற்கு ஒரு புது மருந்தைப் பரீட்சை பார்த்து வருவதாகவும், அதில் சேரச் சம்மதமானால் கையெழுத்துப் போடலாம் என்றும் சொல்லி, பல பக்கமுள்ள ஒரு காகிதக் கட்டையும் கொடுத்திருக்கிறார்களாம்.

வீட்டிலே ஒரே கலவரம். வயது முதிர்ந்த தாயார், "காகிதமும் வேண்டாம், புது மருந்தும் வேண்டாம், குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறேன், அது பார்த்துக்கொள்ளும்" என்கிறாராம். படித்த மகன், "டாக்டருக்குத் தெரியாதா? கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள் அப்பா" என்கிறானாம். மனைவியோ, "என் வீட்டுக்காரர் என்ன, கூண்டிலே அடைத்த எலியா?" என்று அழுகிறாராம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தோழர் கேட்டது இதுதான்: "ஐயா, தெய்வத்தை நம்பாதே என்று சொல்லுகிறீர்கள். அப்படியானால் டாக்டரை நம்பு என்கிறீர்களா? அதுவும் ஒரு நம்பிக்கை, இதுவும் ஒரு நம்பிக்கைதானே?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில், கேள்வி மிகவும் நியாயமானது. அண்ணனுடைய உயிரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்விக்குப் பரிகாசம் பதிலாகாது. அன்று நேரமில்லாததால் சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறோம். நமது பதில், "டாக்டரையும் நம்ப வேண்டாம், தெய்வத்தையும் நம்ப வேண்டாம், இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துப் பாருங்கள்" என்பதேயாகும். இப்படி நிறுத்துப் பார்த்த கதை உலகத்தில் உண்டு. அதுவும் இதே வியாதிக்கு, இதே ரண சிகிச்சைக்கு, ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்ததாகும்.

இரத்தம் நிற்காத சங்கதி

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இருதயத்தைத் திறந்து வேலை செய்வதென்றால் பெரும்பாலும் அதைச் சற்று நேரம் நிறுத்தி வைக்க வேண்டும். அந்த நேரத்தில் இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஒரு யந்திரம் செய்கிறது. 1953-ம் வருஷத்தில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் ஜான் கிப்பன் என்னும் டாக்டர்தான் இந்த யந்திரத்தைக் கொண்டு ஒரு பெண்ணின் இருதயத்தை முதன்முதலில் வெற்றிகரமாகச் செப்பனிட்டார். அந்தப் பெண் பிழைத்ததற்குக் காரணம் பல வருஷ உழைப்பும், செய்து பார்த்துத் தோற்றுத் தோற்றுத் திருத்திக்கொண்ட புத்தியுமேயாகும்.

ஆனால் யந்திரத்தில் ஒரு தொல்லை உண்டு. இரத்தம் குழாய்களுக்குள் ஓடும்போது உறைந்துவிடாமல் இருக்க ஒரு மருந்து கொடுக்கிறார்கள். குழாய்களில் உராய்ந்து வருவதாலும் இரத்தத்தின் உறையும் சக்தி கெடுகிறது. எனவே நெஞ்சைத் தைத்து மூடிய பிறகும் சிலருக்கு உள்ளே இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். பிறர் இரத்தத்தை ஏற்ற வேண்டியிருக்கும். அதற்கும் நிற்காவிட்டால் தைத்த நெஞ்சை மறுபடியும் பிரிக்க வேண்டியிருக்கும். ஆகவே, இந்தக் கசிவை நிறுத்த ஒரு மருந்து கிடைத்தால் நோயாளி சீக்கிரம் எழுந்து நடமாடுவான் என்று டாக்டர்கள் நினைத்ததில் தப்பில்லை.

அப்படிக் கிடைத்த மருந்துதான் அப்ரோட்டினின் என்பது. மாட்டின் நுரையீரலிலிருந்து எடுக்கப்பட்டது. ஜெர்மனியிலுள்ள பேயர் கம்பெனி அதை டிராசிலால் என்ற பெயரால் விற்று வந்தது. 1987-ல் லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரி டாக்டர்கள் இருதயத்தில் இரண்டாந்தரம் ரண சிகிச்சை செய்துகொண்ட 22 பேரை வைத்து ஒரு பரீட்சை நடத்தினார்கள். மருந்து பெறாதவர்களுக்குச் சராசரி 1509 மில்லி லிட்டர் இரத்தம் போயிற்று. மருந்து பெற்றவர்களுக்கோ 286 மில்லி லிட்டர்தான். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை! கண்ணால் கண்ட ருஜு. யார்தான் மயங்க மாட்டார்கள்? 1993-ல் அமெரிக்க சர்க்காரும் அனுமதி கொடுத்தது. மருந்து உலகமெங்கும் பரவிற்று.

ஒரு பானைச் சோறு

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று நம் மக்கள் சொல்லுவார்கள். அது சோற்றுக்குச் சரி. ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே அடுப்பு. ஆனால் மனிதர்கள் ஒரே பானைச் சோறு அல்ல. ஒருவன் கிழவன், ஒருவன் வாலிபன். ஒருவனுக்குச் சர்க்கரை வியாதி, ஒருவனுக்குச் சிறுநீரகக் கோளாறு. 22 பேரைக் கொண்டு இரத்தக் கசிவை அளக்கலாம். எத்தனை பேர் சாவார்கள் என்பதை அளக்க முடியாது.

அன்றியும், அவர்கள் அளந்தது என்ன? வடிகுழாயில் வந்த இரத்தத்தை அளந்தார்கள். நோயாளிக்கு வேண்டியது வடிகுழாயில் இரத்தம் குறைவதா, அல்லது உயிரோடு வீடு போய்ச் சேருவதா? முன்னது குறைந்தால் பின்னது தானாக வரும் என்பது ஒரு ஊகம். ஊகம் எவ்வளவு புத்திசாலித்தனமாக இருந்தாலும் ருஜுவாகிவிடாது.

இதைவிட ஒரு ஆச்சரியமும் நடந்தது. 1987 முதல் 2002 வரை இம்மருந்தைப் பற்றி 64 பரீட்சைகள் நடத்தி வெளியிட்டிருக்கிறார்கள். இரத்தம் ஏற்றுவது குறைகிறது என்ற விஷயம் 1992-லேயே, பன்னிரண்டாவது பரீட்சையோடு தீர்ந்துபோயிற்று என்று 2005-ல் கூட்டிக் கழித்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். அப்படியானால் மீதி 52 பரீட்சைகள் எதற்கு? முன்னே செய்தவன் கண்டதைப் பின்னே வந்தவன் சரியாகப் படிக்காமல், ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்க வேண்டிய கேள்வியை, அதாவது, "இந்த மருந்தால் சாவு கூடுகிறதா, குறைகிறதா?" என்பதைத் தீர்த்துச் சொல்லத்தக்க பெரிய பரீட்சையை ஒருவரும் செய்து முடிக்கவில்லை. சடங்கு கோயிலில் மட்டுந்தான் இருக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். யோசியாமல் செய்தால் ஆஸ்பத்திரியிலும் சடங்கு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தராசு வந்தது

2006-ம் வருஷ ஆரம்பத்தில் மாங்கனோ என்னும் அமெரிக்க டாக்டரும் அவரது கூட்டாளிகளும் 4374 நோயாளிகளின் கணக்கைப் பார்த்து, இம்மருந்து பெற்றவர்களுக்குச் சிறுநீரகம் கெடுவது அதிகமாயிருக்கிறது என்று எழுதினார்கள். உடனே மருந்தின் பக்கத்தார், "அதிகக் கஷ்டமான நோயாளிகளுக்கே இம்மருந்தைக் கொடுக்கிறோம். அவர்கள் கெட்டால் அது வியாதியின் குற்றமே தவிர மருந்தின் குற்றமல்ல" என்றார்கள். இந்தப் பதிலும் அலட்சியம் செய்யத்தக்கதல்ல. குடை பிடித்தவர்கள்தான் அதிகம் நனைந்திருக்கிறார்கள் என்பதால் குடையே மழையைக் கொண்டுவந்தது என்று சொல்லிவிட முடியாதல்லவா?

அதே வருஷம் செப்டம்பரில் அமெரிக்க சர்க்காரின் உணவு மருந்து இலாகா ஒரு நிபுணர் சபையைக் கூட்டி இதை ஆலோசித்தது. பேயர் கம்பெனி தானே பணம் கொடுத்து, சுமார் 67,000 நோயாளிகளின் ஆஸ்பத்திரிக் கணக்குகளை ஆராயச் செய்திருந்தது. அதிலும் மருந்துக்குப் பாதகமான முடிவே வந்திருந்தது. ஆனால் கூட்டத்தில் அதைப்பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லப்படவில்லை. கூட்டம் முடிந்து சில நாளைக்கெல்லாம் சங்கதி வெளியாயிற்று. அதை மறைத்தது தவறுதான் என்று கம்பெனியும் ஒப்புக்கொண்டது. பூசாரி உண்டியல் கணக்கைக் காட்டாததைக் கேட்கிற நாம், கம்பெனி ஆராய்ச்சிக் கணக்கைக் காட்டாததைக் கேட்காமல் இருக்கலாமா?

சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழிதான் இருந்தது. அதைக் கனடா நாட்டு டாக்டர்கள் 2002 முதலே செய்துகொண்டிருந்தார்கள். 19 ஆஸ்பத்திரிகளில், இரத்தக் கசிவு அபாயம் அதிகமுள்ள 2331 நோயாளிகளை, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு அப்ரோட்டினின். மற்ற இரண்டு கூட்டத்துக்கும் அதைவிட வெகு மலிவான இரண்டு பழைய மருந்துகள்: டிரானெக்சாமிக் அமிலம், அமினோகாப்ராயிக் அமிலம். யாருக்கு எந்த மருந்து என்பது நோயாளிக்கும் தெரியாது, ரண சிகிச்சை செய்யும் டாக்டருக்கும் தெரியாது.

சீட்டு ஏன் என்றால், டாக்டர் இஷ்டப்படி பிரித்தால் திடமானவன் ஒரு பக்கமும் பலவீனன் ஒரு பக்கமும் சேர்ந்துவிடுவான். சீட்டுக்கு இஷ்டமும் இல்லை, தாட்சண்யமும் இல்லை. பணக்காரன், ஏழை, கிழவன், வாலிபன் எல்லோரும் இருபுறமும் ஏறக்குறைய ஒரே அளவில் கலந்துவிடுவார்கள். பிறகு காணும் வித்தியாசத்துக்கு மருந்தைத் தவிர வேறு காரணம் சொல்வது கஷ்டம். கண்ணைக் கட்டுவது ஏன் என்றால், புது மருந்து என்று தெரிந்தால் நோயாளிக்குப் பாதி சௌக்கியம் மனதிலேயே வந்துவிடும். டாக்டருக்கும் தன் பிள்ளை நன்றாகப் படிப்பதாகவே தோன்றும்.

முடிவு என்ன? ஆயிரம் பேருக்குக் கணக்கிட்டால், கடுமையான இரத்தப்போக்கு அப்ரோட்டினின் கூட்டத்தில் 95 பேருக்கு, மற்ற இரண்டிலும் 121 பேருக்கு. அதாவது, மருந்து சொன்ன வேலையைச் செய்தது. ஆனால் ஒரு மாதத்துக்குள் செத்தவர்கள்? ஆயிரத்துக்கு அப்ரோட்டினினில் 60 பேர். மற்ற இரண்டில் 39 பேர், 40 பேர். இரத்தத்தை நிறுத்திய மருந்து உயிரைக் காக்கவில்லை. சாவு கூடி வருவதைக் கண்டு 2007 அக்டோபரில் பரீட்சையைப் பாதியில் நிறுத்தினார்கள். நவம்பரில் கம்பெனி விற்பனையை நிறுத்தி வைத்தது. 2008 மே மாதம் முழுக் கணக்கும் பிரசுரமாயிற்று.

இப்பொழுது ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷத்தில் இப்படிப்பட்ட 200 ரண சிகிச்சை செய்யும் ஒரு கைதேர்ந்த டாக்டரை எடுத்துக்கொள்வோம். மலிவு மருந்தால் அவரிடம் 8 பேர் சாவார்கள். விலை உயர்ந்த மருந்தால் 12 பேர். இந்த நான்கு பேர் வித்தியாசத்தை எந்த டாக்டரால் கண்ணால் கண்டுகொள்ள முடியும்? "போன வருஷம் கொஞ்சம் கஷ்டமான கேசுகள்" என்று நினைத்துவிட்டுப் போவார். அவர் யோக்கியர்தான், கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் கண் எதிரிலேயே நடந்தது அவர் கண்ணுக்குத் தெரியாது. அனுபவம் என்பதன் எல்லை அவ்வளவுதான். ஆகவேதான், "என் அனுபவத்தில் கண்டேன்" என்று மந்திரவாதி சொன்னாலும், பட்டம் பெற்ற டாக்டர் சொன்னாலும், நாம் கணக்கைக் கேட்கிறோம்.

பிரார்த்தனைக்கும் பரீட்சை

நிற்க. மருந்தை இப்படி நிறுத்தார்களே, தெய்வத்தை நிறுத்தார்களா என்று வாசகர்கள் கேட்கலாம். நிறுத்தார்கள். அதுவும் 2006-லேதான் வெளிவந்தது. நிறுத்தவர்கள் நம்மைப் போன்ற நாஸ்திகர்கள் என்று யாரும் தள்ளிவிட முடியாது. தியானத்தால் உடம்புக்கு நன்மை உண்டு என்று பல காலமாக எழுதி வந்த ஹார்வர்டு சர்வகலாசாலை டாக்டர் ஹெர்பர்ட் பென்சன் என்பவரே அதற்குத் தலைவர். பெரும்பகுதிப் பணம் கொடுத்தது, மதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் உறவு தேடும் டெம்பிள்டன் ஸ்தாபனம்.

அமெரிக்காவில் ஆறு ஆஸ்பத்திரிகளில் இருதய இரத்தக் குழாய் ரண சிகிச்சை செய்துகொண்ட 1802 பேரைச் சீட்டுப்படி மூன்றாகப் பிரித்தார்கள். முதல் இரண்டு கூட்டத்தாரிடமும், "உங்களுக்காகப் பிரார்த்தனை நடந்தாலும் நடக்கும், நடக்காமலும் இருக்கும்" என்று சொன்னார்கள். அதில் ஒரு கூட்டத்துக்கு நடந்தது, மற்றதற்கு நடக்கவில்லை. மூன்றாவது கூட்டத்தாரிடம், "உங்களுக்கு நிச்சயம் பிரார்த்தனை உண்டு" என்று சொல்லி, நடத்தவும் செய்தார்கள். மூன்று கிறிஸ்தவ பிரார்த்தனைக் கூட்டத்தார், சிகிச்சைக்கு முந்திய இரவிலிருந்து 14 நாள், சீக்கிரம் குணமாக வேண்டும், சிக்கல் வரக்கூடாது என்று மன்றாடினார்கள்.

பலன் என்ன? பிரார்த்தனை நடந்த முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 52 பேருக்கு ஒரு மாதத்துக்குள் ஏதோ ஒரு சிக்கல் வந்தது. நடக்காத கூட்டத்தில் 51 பேருக்கு. நிச்சயமாக உண்டு என்று தெரிந்துகொண்டவர்களில் 59 பேருக்கு!

இதைக் கேட்டதும் நம் தோழர்களில் சிலர், "பார்த்தீர்களா, பிரார்த்தனை ஆளைக் கெடுக்கிறது" என்று கைதட்டக்கூடும். அப்படிச் சொல்லக்கூடாது என்று நாம் கண்டிப்பாகச் சொல்லுகிறோம். அந்த 59 தற்செயலாகவும் வந்திருக்கலாம். "நமக்குப் பிரார்த்தனை செய்கிற அளவுக்கா நிலைமை முற்றிவிட்டது?" என்ற பயத்தாலும் வந்திருக்கலாம். ஒரே பரீட்சையைக் கொண்டு நமக்குப் பிடித்த முடிவைப் பிடுங்கிக்கொண்டால், 22 பேரைக் கண்டு மயங்கிய டாக்டருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? நாம் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: தராசில் வைத்தபோது பிரார்த்தனையின் எடை எதையும் முள் காட்டவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். விழுந்த பழங்களை மட்டும் ஊரெல்லாம் பேசுகிறது. காக்கை உட்கார்ந்தும் விழாத பழங்களையும், காக்கையே வராமல் விழுந்த பழங்களையும் எண்ணினால் கதை முடிந்துவிடுகிறது.

"அப்படியானால் விஞ்ஞானமும் பொய்தானே!"

வைதீக நண்பர்கள் இதைப் படித்துவிட்டு, "உங்கள் விஞ்ஞானமே பதினான்கு வருஷம் தப்பு மருந்தைக் கொடுத்திருக்கிறதே!" என்று கேட்பார்கள். உண்மைதான், கொடுத்தது. அந்தத் தப்பைக் கண்டுபிடித்தது யார்? அசரீரி கூறிற்றா? ஜாதகத்தில் தெரிந்ததா? விஞ்ஞான வழியிலேயே நடந்தவர்கள் கண்டுபிடித்து, ஊரறியப் பிரசுரித்து, மருந்தை நிறுத்த வைத்தார்கள். மறுபக்கத்தில், 2006-ம் வருஷக் கணக்கைப் பார்த்து எந்தக் கோயிலாவது, எந்த மாதா கோவிலாவது, எந்தத் தர்காவாவது, "இனிமேல் இருதய வியாதிக்கு நேர்த்திக்கடன் வாங்குவதில்லை" என்று பலகை மாட்டியதுண்டா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். அந்தக் கனடாப் பரீட்சையும் வேதவாக்கல்ல. சில நோயாளிகளைக் கணக்கிலிருந்து விலக்கியதைப் பற்றிப் பிறகு கேள்விகள் எழுந்தன. கனடா சர்க்கார் 2011-லும், ஐரோப்பிய மருந்து நிர்வாகம் 2012-லும் கணக்கை மறுபடி புரட்டிப் பார்த்து, குறிப்பிட்ட சில நோயாளிகளுக்கு மட்டும், கட்டுப்பாட்டோடு, இம்மருந்தை மீண்டும் உபயோகிக்கலாம் என்று அபிப்பிராயப்பட்டன. அதாவது, நிறுத்த தராசையே எடுத்து நிறுத்துப் பார்க்கிறார்கள். இதைக் கண்டு சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நமக்கு இதில்தான் மரியாதை வருகிறது.

ஜெயித்த மலிவு மருந்தின் கதையையும் கேளுங்கள். டிரானெக்சாமிக் அமிலத்தின் குணத்தை ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோ என்னும் அம்மையாரும் அவர் புருஷரும் கண்டு 1962-ல் வெளியிட்டார்கள். 2017-ல் பிரசுரமான ஒரு பெரிய பரீட்சையில் 4631 இருதய நோயாளிகளுக்கு அதைச் சோதித்தார்கள். இரத்தப்போக்கு குறைந்தது, சாவு கூடவில்லை. ஆனால் வலிப்பு, மருந்து பெறாதவர்களில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும், பெற்றவர்களில் ஏழு பேருக்கும் வந்தது. நல்ல மருந்துக்கும் குறை உண்டு. அந்தக் குறையையும் எண்ணித்தான் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது.

தோழருக்கு நமது பதில்

இனி, தோழரின் தமையனார் கையெழுத்துப் போடலாமா, கூடாதா? போடு என்றோ போடாதே என்றோ நாம் சொல்லப்போவதில்லை. சொன்னால் நாமும் ஒரு குருக்களாகிவிடுவோம். ஆனால் அம்மையாரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்: "என் வீட்டுக்காரர் எலியா?"

அம்மா, 1993 முதல் 2007 வரை அமெரிக்காவில் அந்த மருந்தைப் பெற்ற அத்தனை பேரும் தங்களை அறியாமலே ஒரு பரீட்சைக்கு உள்ளானவர்கள்தான். எண்ணுகிறவன் இல்லாத பரீட்சை அது. பரீட்சை பாராத மருந்தைக் கொடுத்தால் எல்லா நோயாளியும் எலிதான். கேட்டு, எழுதி, எண்ணி, கெடுதல் தெரிந்ததும் நிறுத்துகிற பரீட்சையில் மனிதன் மனிதனாக இருக்கிறான். ஆனால் அப்படி நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. மாட்டை வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்குகிறானா? ஆகவே டாக்டரிடம் இதையெல்லாம் கேளுங்கள்.

இந்த மருந்தை எதனோடு ஒப்பிடுகிறீர்கள்? ஒன்றுமில்லாத மருந்தோடா, இப்போது நல்லதென்று தெரிந்த மருந்தோடா? சீட்டுப்படி பிரிக்கிறீர்களா? எதை எண்ணப்போகிறீர்கள்? சீக்கிரம் எழுந்து உட்காருவதை மட்டுமா, சாவையும் பக்கவாதத்தையும் சிறுநீரகக் கேட்டையும் சேர்த்தா? இதற்குமுன் எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், என்ன கெடுதல் வந்தது? கெடுதல் அதிகமானால் நிறுத்துவதற்கு வேறு ஆட்கள் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா? முடிவு கம்பெனிக்குப் பிடிக்காவிட்டாலும் வெளியிடுவீர்களா? சேராவிட்டால் வழக்கமான சிகிச்சையில் ஏதாவது குறையுமா?

இவற்றைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். இந்த நாட்டிலே புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் என்று 2019-ல் சர்க்கார் விதித்திருக்கிறது. அதன்படி ஒரு நெறிமுறைக் குழு சம்மதித்த பிறகே பரீட்சை நடத்தலாம். அந்தக் குழுவில் டாக்டரல்லாத பொதுமனிதர் ஒருவரும் இருக்க வேண்டும். விஷயத்தை உங்களுக்கு விளங்கும் பாஷையில் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். காகிதத்தில் ஒரு பிரதி உங்களுக்கும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பாரபட்சமில்லாத சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். பரீட்சையால் கெடுதல் நேர்ந்தால் இலவச வைத்தியமும் நஷ்டஈடும் உண்டு. 2009 முதல் இப்படிப்பட்ட பரீட்சைகளை ஒரு பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும் என்றும் கட்டாயம் இருக்கிறது. அதை யாரும் பார்க்கலாம்.

இவ்வளவு விதி ஏன் வேண்டியிருக்கிறது? ஏழையென்றும் படிப்பில்லாதவனென்றும் ஒருவனைக் கண்டால், அவனிடம் சொல்லாமலே எதையும் செய்யலாம் என்ற எண்ணம் உலகத்தில் இருப்பதால்தான். பரீட்சையின் அபாயம் ஏழைக்கும், மருந்தின் பலன் பணக்காரனுக்கும் என்றால் அது வைத்தியம் ஆகாது, பழைய ஏற்பாட்டுக்கு ஊசி குத்தியதாகவே ஆகும். விதி காகிதத்தில் இருந்தால் போதாது. கேட்கிறவன் வாயில் இருக்க வேண்டும்.

இதை எழுதி முடிக்கும் தருணத்தில் அத்தோழரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தமையனார் இந்தக் கேள்விகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போய்த் தாமே கேட்டாராம். டாக்டர் முதலில் கொஞ்சம் முகம் சுளித்தாராம். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அரைமணி நேரம் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாராம். ஒரு கேள்விக்கு மட்டும், "அது எனக்கே தெரியாது, விசாரித்து நாளைக்குச் சொல்லுகிறேன்" என்று சொல்லி, மறுநாள் வந்து சொன்னாராம். அதன் பிறகுதான் தமையனார் கையெழுத்துப் போட்டாராம். அவருக்குக் கிடைத்தது புது மருந்தா பழைய மருந்தா என்று அவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தாயார் முடிந்த காசு அப்படியே முந்தானையில் இருக்கிறதாம். இருக்கட்டும். பெற்ற வயிற்றின் பயத்தை நாம் கேலி செய்ய மாட்டோம். அந்தப் பயத்தைக் காட்டிக் காசு பறிக்கிறவனைத்தான், அவன் விபூதி பூசியிருந்தாலும் சரி, கம்பெனி முத்திரை குத்தியிருந்தாலும் சரி, விடமாட்டோம்.

"எனக்கே தெரியாது, விசாரித்துச் சொல்லுகிறேன்" என்றாரே அந்த டாக்டர், அந்த ஒரு வார்த்தையை எந்தச் சாமியாடியாவது சொல்லி நாம் கேட்டதில்லை. தோழர் கேட்ட வித்தியாசம் அதுதான்.